பச்சைத் தொட்டிக்கு ஒரு பூட்டு

பச்சைத் தொட்டியின் கைப்பிடியில் இரண்டாவது சிவப்பு அட்டையைக் கட்டி முடித்துவிட்டு, குப்பை வண்டிக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார். வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடிவந்த கீழ்வீட்டு மெக்கானிக் நுரையோடு ஏதோ கேட்டான். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

"முதல்ல துப்பிட்டு வாங்க தம்பி."

துப்பிவிட்டு வந்து கேட்டான். "எல்லாத்தையும் பிரிச்சுத்தானேக்கா போடுறோம்? எதுக்கு அட்டை?"

அக்கா கையுறையை விரித்துக் காட்டினார். செய்தித்தாள் கிழிசல் ஒன்று, அதற்குள் மாத்திரைகள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸ் நிறத்தில் பாதி உடைத்தது.

"போன வாரமும் இதேதான். காய்கறித் தோலோட இது உரக்குழிக்குப் போச்சுன்னா மொத்தக் குழியையும் கொட்டணும். மாத்திரைக்குன்னு மருந்துக்கடையில பெட்டி வச்சிருக்காங்க. அதுல போடுறதுக்கு என்ன கேடு?"

"எங்க வீட்ல யாருமே மாத்திரை சாப்பிடுறதில்லைக்கா."

"அதான் சாப்பிடலைன்னு தெரியுதே. சாப்பிட்டிருந்தா தொட்டிக்கு ஏன் வருது?"

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அதற்குள் மாடிக் கம்பி வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. வீட்டுக்குச் சொந்தக்காரரின் தலை.

அவர் தண்ணீர் வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு தெருக் குழுவுக்குத் தலைவரானார். தினமும் காலையில் நீளமான இடுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, வண்டி வருவதற்கு முன்னால் தெருவிலுள்ள ஒவ்வொரு தொட்டியின் மூடியையும் திறந்து பார்ப்பார். காகிதம், பிளாஸ்டிக் போடும் நீலத் தொட்டியில் ஒரு வாழைப்பழத் தோல் இருந்தால் போதும், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அதைப் போட்டவரை வெளியே வரவழைத்து, அவர் கையாலேயே எடுக்க வைப்பார். தெருவில் அவருக்கு 'மூடிக்காரர்' என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. தெருமுனையில் 'தூய்மைத் தெரு' என்று பலகை வாங்கி மாட்டியவரும் அவர்தான். அந்தத் தலைவர் வீட்டு வாசலிலேயே சிவப்பு அட்டை ஆடினால் மனிதருக்கு எப்படியிருக்கும்?

"மூணாவது அட்டை வந்தா தொட்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் மூடிக்காரர் மேலிருந்து. "தொட்டி போற அன்னைக்கு நீங்களும் போயிடணும். சொல்லிட்டேன்."

மெக்கானிக் அட்டையைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து மாறி மாறி எத்தனையோ வீடு பார்த்தாயிற்று. ஒன்றில் சுவர் ஒழுகியது. இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் இங்கே பாத்திரம் அதிர்ந்தது. இது ஒன்றுதான் வீடு மாதிரி இருந்தது. மனைவி வேலை செய்யும் தபால் நிலையம் நடந்து போகிற தூரம். சமையலறையில் ஜன்னல். அதற்குத் தானே தைத்த திரையை மாட்டிவிட்டு, அவள் கொஞ்சநேரம் சும்மா அங்கேயே நின்றாள். அந்த முகத்தை இன்னொரு தடவை பெட்டி கட்டச் சொல்ல அவனுக்கு மனசு வராது.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் ஆட்கள் கதவை இடித்துக்கொண்டிருந்தாலும் பதறமாட்டான். ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே வருவான். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதில்தான் பழுது. வீட்டையும் அப்படியே பார்த்துவிட முடிவு செய்தான். அங்கேதான் பிடித்தது சனி.

வீட்டில் மூன்று பேர். அவன் மாத்திரை சாப்பிடுவதில்லை, ஆகவே அவனைக் கழித்தாயிற்று. மனைவியின் தம்பி உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். வாளி அளவு டப்பாவிலிருந்து சத்துமாவைக் கரைத்துக் குடிப்பானே தவிர, தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டான். அவனும் போனான். மிஞ்சியது மனைவி. சாதாரணமாகக் கேட்பதுபோல அவளிடம் கேட்டுப் பார்த்தான்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள், அவனைப் பார்க்காமலே, வெங்காயம் நறுக்கிக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வேறு.

மாத்திரைகளை அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருந்தான். வேலைக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். வெள்ளை ரத்த அழுத்தத்துக்கு, மஞ்சள் இதயத்துக்கு, பாதி உடைத்தது சர்க்கரைக்கு என்றார். யாருக்கு என்று கேட்டார்.

"வீட்ல ஒருத்தங்க சாப்பிடாம தூக்கிப் போடுறாங்க போலிருக்கு."

கடைக்காரரின் முகம் மாறியது. "இதெல்லாம் விளையாட்டு இல்லை சார். திடீர்னு நிறுத்தினா நின்ன இடத்துல விழுந்துடுவாங்க."

அன்று முழுக்க அவனுக்கு வேலையே ஓடவில்லை. போன மாதம் தபால் நிலையத் தோழிக்குத் துணையாக மனைவி டாக்டரிடம் போவதாகச் சொன்னாளே, தோழிக்குத்தானா? மாடிக்குத் துணி காயப்போடப் போனால் மூச்சு வாங்குகிறதே. சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்றுதான் மறைக்கிறாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போய்விடும் என்ற பயம் போன இடம் தெரியவில்லை. இவள் போய்விட்டால் எந்த வீட்டில் இருந்து என்ன?

நேராகக் கேட்டால் மறுப்பாள். சத்தமில்லாமல் காப்பாற்றிவிடலாம் என்று சமையலைத் தானே எடுத்துக்கொண்டான். உப்பு நின்றது. சர்க்கரை நின்றது. எண்ணெய் டப்பா அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. காலையில் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு தபால் நிலையம்வரை கூடவே நடந்தான். இத்தனை வருஷத்தில் அவள் குடையைக்கூடத் தூக்காத மனிதன்.

"மாமா, உப்பில்லாத முட்டை தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றான் மைத்துனன்.

"பழகிக்கோ."

எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது? மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையில் அவள் கைவிட்டாள். செய்தித்தாள் பொட்டலம் வந்தது. அதற்குள் மூன்று மாத்திரை. அவன் வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவள் உள்ளங்கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். குட்டு உடைந்ததில் அவனுக்கு ஒருவகையில் நிம்மதிதான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அதை நீதான் சொல்லணும்."

"நான் சொல்லணுமா? உங்க சட்டையில இருந்தது."

"உனக்காகத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"எனக்காக எதுக்கு நீங்க மாத்திரை சாப்பிடணும்?"

இப்படியே போயிற்று. இருட்டுகிறவரை அவனுக்கு நோய் என்று அவளும், அவளுக்குத்தான் என்று அவனும் ஒருவரையொருவர் தேற்றினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு இன்னும் கவலை கூடியது. உப்பை நிறுத்தியது அவனுக்காகத்தான் என்று இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அவன் நிறுவன மேலாளருக்கு ஃபோன் போட்டு, இவருக்கு இதயத்தில் ஏதோ கோளாறு, உயரத்தில் தொங்கும் வேலை கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிவிட்டாள்.

அவ்வளவுதான். பதினைந்து மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவனை அலுவலகத்தில் தொலைபேசி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால், பயப்படாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்றார் மேலாளர். கூட வேலை செய்பவர்கள் அவனிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஆதாரம் வேண்டும். கையும் களவுமாகப் பிடித்தால்தான் அவளை டாக்டரிடம் இழுத்துப் போக முடியும். விடிகிற நேரத்தில் எழுந்து, வாசலில் பழைய பேப்பரை விரித்து, பச்சைத் தொட்டியை அதில் கவிழ்த்தான். தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, பூசணித் தோல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். காலை நடைக்குப் போன எதிர்வீட்டு வக்கீலம்மா நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேகமாக நடந்தார். மாத்திரை இல்லை. எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். அந்த நாற்றத்தோடு எத்தனை நேரம் நிற்க முடியும்?

குளித்துவிட்டு வந்தபோது மூடிக்காரர் வழக்கம்போலத் தன் சுற்றை முடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். மனைவி தேயிலைச் சக்கையைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். வண்டியின் மணிச்சத்தம் கேட்டது. அக்கா மூடியைத் திறந்தார். மேலாகவே, புதுத் தேயிலைச் சக்கையோடு கிடந்தது பொட்டலம்.

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. சற்று முன்னால் இல்லாதது இப்போது இருக்கிறது. இடையில் தொட்டிப் பக்கம் போனவள் ஒருத்திதான்.

அக்கா மூன்றாவது அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். அவன் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். அவன் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "இன்னொரு தடவை பார்த்தேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என் வேலை போயிடும்" என்று அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே வந்து மனைவியிடம் கேட்டான். "நீதானே போட்டே?"

"தேயிலைதான் போட்டேன்."

"நான் பார்த்துட்டுத்தான் உள்ளே போனேன். அப்ப இல்லை."

"குப்பையைக் கவிழ்த்துப் போட்டுக் கிளறினீங்களாம். வக்கீலம்மா இப்பதான் ஃபோன் பண்ணாங்க." அவள் தேயிலை வடிகட்டியைக் கீழே வைத்தாள். "போட்ட மாத்திரையை நான் பார்த்துடுவேன்னு திரும்ப எடுக்கத்தானே போனீங்க?"

இனிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்டின் மின்பெட்டிக்குப் போடுகிற பழைய பூட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. உளியால் நெம்பினாலும் அசையாத வகை. அன்று சாயங்காலமே அதைத் தொட்டி மூடியில் திருகிவிட்டான். ஒரு சாவி வண்டிக்கார அக்காவுக்கு. இன்னொன்று அவன் கழுத்தில். இனி ஒரு முருங்கைக் குச்சி போடுவதாக இருந்தாலும் அவனிடம் வந்துதான் ஆகவேண்டும். நீலத் தொட்டியையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டான்.

மறுநாள் தொட்டியில் மாத்திரை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா சிரித்தபடி போனார். வேறு வழியில்லாமல் மனைவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று அவன் நம்பினான். அவள் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் மூடிக்காரருக்குப் பிடித்தது ஆவேசம். முதல் நாள் மூடியைத் தூக்கிப் பார்த்து, அது வராததால் இடுக்கியால் தட்டினார். இரண்டாம் நாள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என் வீட்டு வாசல்ல, நான் திறக்க முடியாத தொட்டியா? பூட்டுற அளவுக்கு உள்ளே என்ன மறைக்கிறீங்க?"

"ஒண்ணும் மறைக்கலை சார். அட்டை வரக்கூடாதுன்னுதான்."

"குழுத் தலைவர் எந்தத் தொட்டியையும் எப்ப வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். அதுதான் விதி."

"அட்டையே வரலையே சார். அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"

மூடிக்காரர் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு குரலை உயர்த்தினார். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பூட்டைக் கழட்டணும். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணணும். ரெண்டுல ஒண்ணு."

கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக் அதன்மேலேயே சாய்ந்து நின்றான். பூட்டைக் கழற்றினால் வீடு தங்கும். ஆனால் இவள் மறுபடியும் மாத்திரையைத் தூக்கிப் போடுவாள். நின்ற இடத்தில் விழுந்துவிடுவார்கள் என்று கடைக்காரர் சொன்னது காதிலேயே இருந்தது. அவன் நேரே பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கீழே போட்டான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"வீடு பார்க்கப் போறேன். பூட்டைக் கழட்ட மாட்டேன்."

"ஒரு குப்பைத்தொட்டி பூட்டுக்காகவா?"

"உனக்காக." அவன் ஒரு பெட்டியைத் தட்டித் தூசி போக்கினான். "ஜன்னல் இல்லாத வீட்ல கூட நான் இருந்துடுவேன். நீ இல்லாத வீட்ல இருக்க முடியாது."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போகலாம், ரெண்டு பேரும் ரத்தம் கொடுப்போம், யாருக்கு என்ன என்று தெரிந்துவிடும் என்றாள். இவ்வளவு எளிதான யோசனை இத்தனை நாளாக இருவருக்கும் வராமல் போனதுதான் குடும்பம் என்பது. உப்பில்லாத முட்டைக்கு ஒரு முடிவு கட்டும் ஆசையில் மைத்துனனும் கூடவே கிளம்பினான்.

முடிவு வருகிறவரை மூவரும் ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் கையை விடவில்லை. அவளும் விடவில்லை. யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம். டாக்டர் கூப்பிட்டு மூன்று பேருடைய தாள்களையும் மேசையில் பரப்பினார். ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, மூன்று இதயமும் சரியாக ஓடுகின்றன. உடம்பில் உப்புத்தான் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவனுக்கும் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. மூன்று பேரையும் கழித்தாயிற்று. மிச்சம் யாருமே இல்லை. அவன் தொழிலில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

இருந்தாலும் இனிப் பூட்டு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்க்ரூடிரைவரோடு வாசலில் மண்டியிட்டான். டாக்டர் சான்றிதழ் கிடைத்ததில் அதைப் பிடிக்கவே கைக்கு ஆசையாக இருந்தது. மாடிக் கம்பியில் சாய்ந்து மூடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திருகாணி கழன்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை மெக்கானிக் இதுவரை பார்த்ததில்லை. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் மேலே கேட்க ஆரம்பித்ததும், படியில் யாரோ அவசரமாக இறங்கிவருவது தெரிந்தது. மூடிக்காரரின் மனைவி. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த அம்மாள் அவனிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. மூச்சு வாங்க வந்து நின்று, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கழட்டாதீங்க தம்பி. வீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க, அது என் பொறுப்பு. பூட்டு மட்டும் இருக்கட்டும்."

"ஏம்மா, ஐயாதானே கழட்டச் சொன்னார்?"

அம்மாள் குளியலறைப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க தொட்டியை நான் தினமும் கிளறிப் பார்ப்பேன், மத்த வீட்டு வாசல்ல ஆள் நிப்பாங்க. நீங்க இதைப் பூட்டினதுக்கு அப்புறம்தான், தூக்கிப் போட இடம் இல்லாம, இவர் மாத்திரையை வாயில போட்டு முழுங்குறார்."